கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தால்



தோட்டத்துக் குடும்பங்களில் கடிதம் வந்தால் அதை முதலில் பிரித்துப் படிப்பவன் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பையன்தான். மின்சாரக் கட்டணச் சீட்டு, வங்கிக் கடிதம், மருத்துவமனைத் தேதி எல்லாவற்றையும் அவன்தான் படித்துச் சொல்கிறான். அவனுக்கும் விளங்காவிட்டால் அது புத்தகப் பைக்குள் மடிந்து எங்களிடம் வந்து சேரும். "வாத்தியார் ஐயா, இதுல என்னா போட்டிருக்குன்னு அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்பான். தோட்டப் பள்ளிகளில் வேலை செய்கிற ஆசிரியர்கள் எல்லாருக்கும் இது பழகிப்போன விஷயம். அப்படி வருகிற கடிதங்களில், நீதிமன்ற முத்திரை குத்திய கடிதத்தைப் பார்த்தால்தான் எங்களுக்குக் கவலை உண்டாகிறது. அதில் எழுதியிருக்கிற செய்தியைவிட, அது எங்கள் கைக்கு வருவதற்குள் கடந்துபோன நாட்கள்தான் அந்தக் கவலைக்குக் காரணம்.

கோர்ட் என்றாலே நம்மவர்களுக்கு ஓர் அச்சம். அந்த அச்சத்தில் கடிதத்தை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுவார்கள். பார்க்காவிட்டால் அது போய்விடும் என்று ஒரு நினைப்பு. ஆனால் நீதிமன்றக் கடிதத்தில் எப்போதும் ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கும், அல்லது ஒரு கெடு விதிக்கப்பட்டிருக்கும். அந்த நாளில் நாம் போகாவிட்டால், நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே, கடிதம் வந்தால் என்ன செய்வது, நீதிமன்ற அலுவலகத்தில் என்ன கேட்கலாம், எந்தக் காரியத்துக்கு அங்கே போகவே தேவையில்லை என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் கடிதத்தைப் படிக்கத் தெரியவேண்டும். அது மலாய் மொழியில்தான் இருக்கும். தலைப்பில் எந்த நீதிமன்றம், எந்த ஊர் என்று போட்டிருக்கும். தோட்டத்து மக்கள் போகவேண்டியது பெரும்பாலும் பக்கத்துப் பட்டணத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றமாகவே இருக்கும். 2013-ஆம் ஆண்டு முதல் 100,000 வெள்ளி வரையிலான பண வழக்குகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றமே விசாரிக்கிறது. அதற்கு மேல் பத்து லட்சம் வெள்ளி வரை செஷன்ஸ் நீதிமன்றம். தலைப்புக்கு அருகில் வழக்கு எண் இருக்கும். அந்த எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற அலுவலகத்தில் உங்கள் பெயரைச் சொல்லித் தேடுவதைவிட அந்த எண்ணைச் சொன்னால் உடனே எடுத்துவிடுவார்கள்.

பிறகு உங்கள் பெயருக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'பிளேன்டிஃப்' என்றால் வழக்குத் தொடுத்தவர். 'டெஃபெண்டான்' என்றால் யார்மேல் வழக்கோ அவர். 'தெர்துடோ' என்றிருந்தால் குற்றம் சாட்டப்பட்டவர். 'சக்சி' என்றிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் வெறும் சாட்சி. மலாய்க்காரரின் 'சக்சி'யும் நம்முடைய 'சாட்சி'யும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவைதான். 'பிச்சாரா' என்ற சொல்லும் அப்படித்தான். அது நம்முடைய 'விசாரணை'க்கு உறவு. இந்த இரண்டையும் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள்.

'செபுத்தான்' என்று ஒரு சொல் வரும். இதைச் சற்று விளக்கவேண்டும். இதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். 'செபுத்தான்' என்பது விசாரணை நாள் அல்ல. வழக்கைக் கூப்பிட்டு, இரு தரப்பும் வந்திருக்கிறதா, காகிதங்கள் தயாரா, வக்கீல் உண்டா என்று கேட்டு, அடுத்த தேதியைக் கொடுக்கிற நாள். காலை எட்டு மணிக்கே போய், பதினொரு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டு இரண்டே நிமிஷத்தில் "அடுத்த மாதம் வா" என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் சம்பளம் போனது, பஸ் செலவு போனது, ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை போகமாட்டார்கள். மூன்றாவது முறைதான் காரியம் நடக்கும்! குற்ற வழக்காக இருந்தால், ஜாமீனில் இருப்பவர் வராத அன்று அவரைப் பிடித்து வர வாரண்ட் பிறக்கும். ஜாமீன் நின்றவரும் ஏன் பணத்தைப் பறிமுதல் செய்யக்கூடாது என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டி வரும். ஆகவே, எத்தனை முறை தேதி கொடுத்தாலும் அத்தனை முறையும் போகவேண்டும்.

உடம்புக்கு முடியாமல் போனால்? அரசாங்க மருத்துவமனைச் சீட்டோடு வீட்டில் ஒருவரை அன்று காலையிலேயே நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இனி, கடன் வழக்குக்கு வருவோம். தோட்டங்களில் இன்று அதிகம் வருகிற சம்மன் இதுதான். பெரும்பாலும் வாங்கியவருக்கு வருவதில்லை, கையெழுத்துப் போட்டவருக்கு வருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிள் எடுக்கிறான். "மாமா, ஒரு கையெழுத்துதான்" என்கிறான். மாமாவும் போட்டுக் கொடுக்கிறார். பையன் ஆறு மாதம் கட்டிவிட்டு ஜோகூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறான். மாமாவுக்குச் சம்மன் வருகிறது. "நான் வண்டியைத் தொட்டதுகூட இல்லையே, எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று அவர் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுகிறார்.

சம்பந்தம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, உத்தரவாதம் கொடுத்தவரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவுதான். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் மட்டுமே அது மாறும். சம்மன் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், நான் இந்த வழக்கில் வந்து பதில் சொல்லப்போகிறேன் என்று நீதிமன்றத்தில் பதிவு செய்யவேண்டும். அதற்கென்று ஒரு பாரம் இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால், வழக்குத் தொடுத்தவர் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாம். கேட்ட தொகை முழுதும், வட்டியும், வழக்குச் செலவும் உங்கள் தலைமேல் விழும். தொகையில் தவறு இருந்திருக்கலாம். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு விற்ற பணத்தைக் கழிக்காமல் விட்டிருக்கலாம். கையெழுத்தே உங்களுடையதாக இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் இதையெல்லாம் சொல்ல நீங்கள் அங்கே இல்லையே!

அப்படித் தீர்ப்பு ஆகிவிட்டால் கதை முடிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. தீர்ப்பு கைக்குக் கிடைத்து 30 நாட்களுக்குள், அதை நீக்கும்படி மனுப்போட விதி இடம் கொடுக்கிறது. ஏன் வரவில்லை, வழக்கில் சொல்ல உங்களுக்கு என்ன இருக்கிறது என்று இரண்டையும் சத்தியப் பத்திரத்தில் எழுதிக் காட்டவேண்டும். இது வக்கீல் இல்லாமல் செய்கிற வேலை அல்ல. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் என்ன வழி என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

இன்னொரு சம்மன் உண்டு. தீர்ப்பான பணத்தைக் கட்டாதவரைக் கூப்பிட்டு, உன் வருமானம் என்ன, செலவு என்ன, மாதம் எவ்வளவு கட்டமுடியும் என்று விசாரிக்கிற சம்மன். இது வந்தால் பலர் இன்னும் அதிகமாக ஒளிந்துகொள்கிறார்கள். உண்மையில், கடனாளிக்கு வருகிற காகிதங்களிலேயே அவருக்குப் பயன்படுகிற காகிதம் இதுதான் என்பது எங்கள் எண்ணம். சம்பளச் சீட்டையும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும், வாடகை, மருந்துச் செலவுச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் உள்ளதைச் சொன்னால், கட்ட முடிந்த தவணையை நீதிமன்றம் நிர்ணயிக்கும். போகாமல் இருந்தால் பிடித்துக் கொண்டுவர உத்தரவு பிறக்கலாம்.

"பேங்கரப் ஆக்கிவிடுவார்களா?" என்று கேட்கிறார்கள். கடன் 100,000 வெள்ளியை எட்டாதவரை ஒருவரை நொடித்தவராக்க இப்போது மனுப்போட முடியாது. 2017-இல் சட்டம் திருத்தப்பட்டபோது, லாப நோக்கமின்றி மற்றவருடைய கல்விக் கடனுக்கோ, சொந்த உபயோகத்துக்கான வாகனத்துக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ கையெழுத்துப் போட்டவரை நொடித்தவராக்க முடியாது என்றும் விதித்துவிட்டார்கள். அதனால் கடன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமல்ல. பணம் கேட்கிற வழக்கு வேறு, நொடித்துப்போக வைக்கிற வழக்கு வேறு.

சிலர் கெட்டிக்காரத்தனமாக, "ரிஜிஸ்டர் கடிதத்தை வாங்கினால்தானே? நான் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன்" என்கிறார்கள். நேரில் கொடுக்க முடியாவிட்டால், நீதிமன்ற அனுமதி பெற்று வீட்டுக் கதவில் ஒட்டலாம், பத்திரிகையில் போடலாம். அப்படிச் செய்துவிட்டால் சம்மன் கொடுத்ததாகவே கணக்கு.

இதைவிட வேதனையான ஒன்று இருக்கிறது. தோட்டம் விற்றுப் போய், லயங்கள் இடிந்து, அந்த இடத்தில் தாமானும் தொழிற்சாலையும் எழும்பிவிட்டன. குடும்பங்கள் மலிவு விலை அடுக்கு வீடுகளுக்குப் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அடையாளக் கார்டில் இன்னமும் பழைய தோட்டத்துப் பெயரும் பழைய லயத்து எண்ணும்தான். சம்மன் எங்கே போகும்? இல்லாத லயத்துக்குப் போகும். இங்கே குடும்பம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்க, அங்கே தீர்ப்பு ஆகிவிடுகிறது. வீடு மாறினால் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் புது முகவரியைக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் நம்முடைய பத்திரத்துக்காகச் செய்துகொள்வது நல்லது. வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய கார்டையும் எடுத்து, பின்புறத்தையும் முன்புறத்தையும் இன்றைக்கே பாருங்கள். தோட்டத்திலேயே இருப்பவர்கள், ஆபீசில் கிராணியார் மேசையில் கடிதம் கிடக்கிறதா என்று வாரம் ஒருமுறையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நீதிமன்ற அலுவலகத்துக்குப் போகிறோம். அங்கே கவுண்டரில் இருப்பவர்கள் நீதிபதிகள் அல்ல, வக்கீல்களும் அல்ல. வழக்கு எண்ணைச் சொன்னால் தேதி, நேரம், எத்தனையாம் எண் அறை என்று சொல்வார்கள். என்ன பாரம், எத்தனை பிரதி, எவ்வளவு கட்டணம் என்று சொல்வார்கள். தீர்ப்பின் நகல் வேண்டுமென்றால் அதற்கு என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்வார்கள். ஆனால், "ஐயா, நான் ஜெயிப்பேனா? ஒத்துக்கொள்வதா, மறுப்பதா?" என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார்கள். அப்போது நம்மவர்கள், "முகத்தை முறித்துப் பேசுகிறார்கள், நம்மைக் கண்டாலே இளப்பம்" என்று மனம் நொந்து திரும்பிவிடுகிறார்கள். இளப்பம் காட்டுகிற ஆட்களும் உண்டு, இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லக்கூடாது. ஒரு பக்கத்துக்கு யோசனை சொல்லிவிட்டு, மறு பக்கத்துக்காரரின் காகிதத்தையும் அதே கையால் எப்படி வாங்குவது?

அடையாளக் கார்டு, வந்த கடிதம், அதோடு சம்பந்தப்பட்ட பழைய காகிதங்கள், எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கட்டணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். வாசலில் நின்றுகொண்டு, "கவுண்டரில் நமக்கு ஆள் இருக்கிறது, இருநூறு வெள்ளி கொடுத்தால் கேசை முடித்துவிடலாம்" என்று சொல்கிறவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், அவர் நழுவிவிடுவார்.

ஆண்கள் நீளக் கால்சட்டை, சப்பாத்து போட்டுப் போகவேண்டும். அரைக்கால்சட்டையும் சிலிப்பரும் ஆகாது, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். கூலிம் பக்கத்து நேயர்களுக்கு இது தெரியும், பினாங்கிலிருந்தோ பேராக்கிலிருந்தோ அங்கே போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். ஜோகூரில் 2014 முதல் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்து, 2025 ஜனவரி முதல் மறுபடியும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது.

வேலை நாளில் கோர்ட்டுக்குப் போனால் தோட்டத்தில் "ஏன் வரவில்லை?" என்பார்கள். சாட்சியாகப் போனாலும் வழக்காளியாகப் போனாலும், இன்று நீதிமன்றத்துக்கு வந்திருந்தார் என்று கவுண்டரில் ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அரசாங்கத் தரப்புச் சாட்சிக்கு வழிச்செலவுக்கென்று ஒரு தொகையும் உண்டு. கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம்.

அடுத்து மொழி. எங்களைப் பொறுத்தவரை இதுதான் மிகப் பெரிய விஷயம். நீதிமன்றத்தில் நடப்பது மலாய் மொழியில். ஆனால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவருக்குத் தெரிந்த மொழியில் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதற்கென்று நீதிமன்றத்திலேயே மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அதற்கு நீங்கள் பணம் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் சின்னப் பட்டணங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எல்லா நாளும் இருக்கமாட்டார். ஆகவே தேதி கொடுக்கும்போதே "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

நம்மவர்களுக்கு மலாய் தெரியும். கடையில் பேசுவார்கள், கூடவே வேலை செய்கிறவர்களிடம் பேசுவார்கள். அந்தத் தைரியத்தில் "எனக்கு மலாய் தெரியும்" என்று சொல்லிவிடுகிறார்கள். சந்தை மலாய் வேறு, சட்ட மலாய் வேறு. குற்றப்பத்திரம் ஒரே வாக்கியமாக முக்கால் பக்கத்துக்கு நீளும். அதை வேகமாக வாசித்து முடித்து, "விளங்கியதா?" என்று கேட்பார்கள். அவசரத்தில், மரியாதைக்காக, "விளங்கியது" என்று தலையாட்டிவிடுகிறோம். "ஒத்துக்கொள்கிறாயா?" என்றால் அதற்கும் ஒரு தலையாட்டல். ஒத்துக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லியிருப்பார். அப்படி ஒத்துக்கொண்ட குற்றம் பதிவேட்டில் ஏறி நின்றுகொள்கிறது. காவலாளி வேலைக்கோ அரசாங்க வேலைக்கோ மனுப்போடும்போது அது முன்னால் வந்து நிற்கும். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். வக்கீலைப் பார்க்கத் தவணை கேளுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் அப்படிக் கேட்பது அவமரியாதை அல்ல.

பிள்ளைகள் மாட்டிக்கொள்வதும் உண்டு. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் அடிதடியிலோ மோட்டார் சைக்கிள் விஷயத்திலோ சிக்கிக்கொள்கிறார்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் வழக்கு, 2001-ஆம் ஆண்டு சிறுவர் சட்டப்படி, சிறுவர் நீதிமன்றத்தில் நடக்கும். மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும். வேடிக்கை பார்க்க யாரையும் உள்ளே விடமாட்டார்கள், பெயரைப் பத்திரிகையில் போடக்கூடாது. ஆனால் தாய் தகப்பன் கட்டாயம் வரவேண்டும். "ஒரு நாள் வேலை போய்விடும், ஆத்தா மட்டும் போகட்டும்" என்றோ, "செய்தவன் அனுபவிக்கட்டும்" என்றோ அப்பாமார்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பையனை வீட்டுக்கு அனுப்புவதா, விடுதிக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்கும்போது, வீட்டில் அவனைக் கவனிக்க யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் சமூகநல அதிகாரியின் அறிக்கையில் முதலில் தேடுவார்கள். அப்பா வந்து நின்றாலே பாதிப் பதில் கிடைத்த மாதிரி. பள்ளியிலிருந்து நன்னடத்தைக் கடிதம் வேண்டுமானால் முன்கூட்டியே கேளுங்கள். விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து நின்றால் நாங்கள் என்ன எழுதிக் கொடுப்பது?

யாரையாவது போலீஸ் பிடித்துப் போனால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவேண்டும் என்பது நாட்டின் அரசியலமைப்புச் சட்டம். பிடிபட்டவர் உறவினருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல உரிமை உண்டு. இலவசமாக வக்கீல் உதவி கொடுக்கவென்று தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் வேலை செய்து வருகிறது. காவலில் வைக்கக் கேட்கும்போதும், ஜாமீன் கேட்கும்போதும் அதன் வக்கீல்கள் வந்து பேசுவார்கள். மணவிலக்கு, பராமரிப்புப் போன்ற குடும்ப வழக்குகளுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா இருக்கிறது. வக்கீல்கள் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்களும் இருக்கின்றன. பொதுவாக வருமான வரம்பு உண்டு, சம்பளச் சீட்டைக் கொண்டுபோகவேண்டும். தோட்டத்துச் சம்பளக்காரர் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் இருப்பார்.

இவ்வளவும் சொன்னபிறகு, கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லாத காரியங்களைச் சொல்லவேண்டும். தவறான கவுண்டரில் நின்று கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர்.

சம்பளப் பாக்கி, கூடுதல் நேரப் பணம், வேலை நீக்க நஷ்டஈட்டுத் தொகை இவற்றுக்குத் தொழிலாளர் இலாகா. அங்கே நடப்பதையும் 'லேபர் கோர்ட்' என்று சொல்வதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள். அது வேறு, இது வேறு. காரணமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினார்கள், மறுபடியும் வேலை வேண்டும் என்றால் தொழில் உறவு இலாகா. அதற்கு 60 நாள் கெடு. 61-ஆம் நாள் போனால் கேட்கமாட்டார்கள். பெரிய மானேஜரைப் பார்த்துப் பேசலாம், சங்கத்துக்காரர் வரட்டும் என்று காத்திருந்தே அறுபது நாளும் போய்விடும். பேசுவதைப் பேசுங்கள், மனுவை முதலில் போட்டுவிடுங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் சங்க அலுவலகமே அதை எழுதிக் கொடுக்கும்.

அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார், சின்ன வீடு ஒன்று இருக்கிறது, பெயர் மாற்றவேண்டும் என்றால் அந்த மாவட்ட நில அலுவலகத்துக்குப் போங்கள். 2024 ஜூலை முதல் ஐம்பது லட்சம் வெள்ளி வரையிலான சொத்தை அங்கேயே பங்கிடலாம். ஊழியர் சேமநிதிப் பணத்துக்கு இறந்தவர் யார் பெயரையாவது எழுதி வைத்திருந்தால் அது இன்னும் சுலபம். எழுதி வைக்காதவர்கள் இந்த மாதச் சம்பள நாளுக்கு முன் எழுதிவிடுங்கள்.

கூரை போடுகிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளையே காணோம், பழுதான சாமானைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார் என்றால், பயனீட்டாளர் தீர்ப்பு மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். கைமாற்றாகக் கொடுத்த பணம் போன்ற மற்றச் சின்னத் தொகைகளுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே 'துந்துத்தான் கெச்சில்' என்ற சிறு கோரிக்கை முறை உண்டு. 2012-ஆம் ஆண்டு விதிகள் அதை 5,000 வெள்ளி வரை என்று வகுத்தன. 198-ஆம் எண் பாரத்தைக் கேட்டு வாங்கி, யார், எவ்வளவு, எப்போது, எதற்கு என்று நாலு வரியில் எழுதவேண்டும். வக்கீல் வேண்டாம், நீங்களே பேசலாம். எழுதுவதற்குப் பெரிய வகுப்புப் பிள்ளையின் உதவி போதும். ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டாவது, தொலைபேசியில் வந்த ஒரு செய்தியாவது சாட்சிக்கு இருக்கவேண்டும்.

தாய்மார்கள் கூச்சத்தோடு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுக்காரர் விட்டுட்டுப் போய்ட்டாரு. பிள்ளைகளுக்குச் செலவுக்குக் கொடுக்கறதில்ல. விவாகரத்து வாங்கினாத்தான் கேட்கமுடியுமா, ஐயா?" வாங்கவேண்டியதில்லை. மணவிலக்கு உயர்நீதிமன்றக் காரியம். பராமரிப்புப் பணம் கேட்பதற்கு 1950-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, அது கீழ்க் கோர்ட்டில் நடக்கும். கணவன் கொடுக்காமல் இழுத்தடித்தால், அவருடைய சம்பளத்திலேயே பிடித்துத் தரும்படி முதலாளிக்கு உத்தரவிட 1968-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. திருமணப் பதிவுச் சான்றும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் வேண்டும். 1982 மார்ச்சுக்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டு பதிவு செய்யாதவர்களுக்கு, மனைவி என்று நிலைநாட்டுவதிலேயே சிக்கல் வரும். அப்படிப்பட்ட நிலையிலும் பிள்ளைக்குத் தகப்பனிடம் பராமரிப்புக் கேட்க அந்தப் பழைய சட்டத்தில் இடம் இருக்கிறது. அடி உதை என்றால் காத்திருக்கவேண்டாம். போலீசில் புகார் கொடுத்து, சமூகநல இலாகாவுக்குப் போங்கள். பாதுகாப்பு உத்தரவை மாஜிஸ்திரேட்டிடம் அவர்கள் வாங்கித் தருவார்கள்.

கடைசியாக ஜாமீன் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது அபராதம் அல்ல, வழக்கு முடியும் வரை பிணையாக வைக்கிற பணம். தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டியிருப்பார்கள். வழக்கு முடிந்ததும், வந்தவரை விட்டுவிட்டார்களே என்ற சந்தோஷத்தில் அந்தப் பணத்தைக் கேட்காமலே பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் எல்லாத் தேதிக்கும் ஒழுங்காக வந்திருந்தால், விடுதலையானாலும் தண்டனையானாலும், பணம் கட்டியவருக்கு அது திரும்ப வரவேண்டும். ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவரே அடையாளக் கார்டோடு கவுண்டருக்குப் போய்க் கேட்கவேண்டும். அந்த ரசீதையும் சாமி படத்துக்குப் பின்னால் செருகாமல், அடகுச் சீட்டு இருக்கிற அதே தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள்.